சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி: முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

கழுத்து வலி என்றதும் பலர் முதலில் வாங்குவது புதுத் தலையணை. அடுத்தது நீலஒளிக் கண்ணாடி. அதற்கும் அடங்காவிட்டால், பந்தயக் கார் இருக்கை மாதிரி இருக்கும் அந்தப் பெரிய நாற்காலி. அளவுநாடாவை எடுத்து மேசையின் உயரத்தை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. பாதி வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிப்பது பற்றிய முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது பல குடும்பங்களில் பழகிப்போய்விட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் இதற்கென்று தனி அறைக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அது தட்டு வைத்துச் சாப்பிடச் செய்த மேசை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 74, 75 செ.மீ. உயரம். தட்டச்சு செய்யும் கைக்கு இது நம்மில் பலருக்கு அதிகம்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கீபோர்டில் கை வைத்து வழக்கம்போல் தட்டச்சு செய்யுங்கள். அப்படியே கையை எடுத்து மடியில் போடுங்கள். தோள்கள் இறங்குவது தெரிந்தால், இவ்வளவு நேரமும் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்கள். பிடரியிலிருந்து தோள்முனைக்கு ஓடும் தசை நாள் முழுக்கச் சிறிய சுமையைத் தாங்கினாலே இறுகிவிடும். ஓய்வே இல்லாத லேசான இறுக்கம், விட்டு விட்டு வரும் பளுவான வேலையைவிடத் தொல்லை. மாலையில் தலைவலியாகக் கிளம்புவதும் பல நேரம் இதுதான்.

இனிக் கணக்கு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை 90 பாகைக்கு மடக்குங்கள். இருக்கையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது 23 செ.மீ. அளவில் இருக்கும். மேசை 75, கீபோர்டின் தடிமன் 2, ஆக 77. அதிலிருந்து 23 போனால் 54. இருக்கை தரையிலிருந்து 54 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சாதாரணச் சாப்பாட்டு நாற்காலி 45தான். மிச்சம் 9 செ.மீ.யைத்தான் தோள் தூக்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உயரத்தை மாற்றக்கூடிய நாற்காலி ஒன்று வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. 54க்கு ஏறுகிறதா என்று மட்டும் கடையிலேயே அளந்து பாருங்கள், எல்லா நாற்காலியும் ஏறாது. குஷன் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் ஓர் எச்சரிக்கை: 8 செ.மீ. மெத்தென்ற பஞ்சு, ஆள் உட்கார்ந்ததும் பாதியாகிவிடும். அமுங்காத கெட்டிக் குஷன் வேண்டும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. நாற்காலியை உயர்த்தியதும் கால் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கால் மரக்கும், கெண்டைக்கால் கனக்கும். அதைத் தாங்காமல் ஆள் இருக்கையின் நுனிக்கு நகர்ந்துவிடுவார், முதுகுச்சாய்வு வீண். கால்பலகை கட்டாயம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு வெறுங்காலில் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை சுமார் 40 செ.மீ. இருக்கை 54 என்றால் பலகைக்கு 14 வேண்டும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று 5 செ.மீ. தடிமன், மூன்றை அடுக்கி ஒட்டுநாடாவால் இறுக்கிக் கட்டினால் கால்பலகை தயார். அலுவலகத்தில் சப்பாத்து, வீட்டில் வெறுங்கால். அந்த இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்காமல் அலுவலக நாற்காலியின் அளவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருந்தால் உயர்த்திய தொடை அதில் இடிக்கும். அப்போது அந்த மேசை உதவாது. கீபோர்டுக்கு இழுபலகை வைத்த மேசையோ, உயரத்தை மாற்றக்கூடிய மேசையோ பார்க்க வேண்டியதுதான். கால்களை அறுத்துவிடலாம் என்ற யோசனையை மற்றவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்களும் அதில்தான் சாப்பிட வேண்டும்.

முதுகுக்கு அதிகம் சொல்ல இல்லை. பின்புறம் இருக்கையின் கடைசிவரை போய் ஒட்டட்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். இடுப்புவார் கட்டும் இடத்தில் உள்வளைவுக்குத் தாங்கல் வேண்டும். நாற்காலியில் இல்லாவிட்டால் துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். விறைப்பாக 90 பாகையில் உட்காரச் சொன்னது பழைய பாடம். 100 முதல் 110 பாகை வரை சற்றுச் சாய்ந்தால் முதுகெலும்பின் வட்டுகள் மேல் அழுத்தம் குறையும். அலுவலகப் பணியிட அமைப்புக்கென்றே எஸ்எஸ் 514 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது. மேசை நாற்காலி மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கும்போது "வலிக்கிறது" என்பதோடு இந்தப் பெயரையும் சொல்லிப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

மடிக்கணினியை இரண்டாக்குங்கள்

மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். இதற்கு நடுவழி கிடையாது. தனிக் கீபோர்டும் தனி மவுஸும் வாங்கிவிடுங்கள். சாதாரண ரகம் போதும், பெரிய செலவில்லை. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

14 அங்குல மடிக்கணினியை மேசையில் வைத்தால் திரையின் மேல்விளிம்பு சுமார் 20 செ.மீ. உயரத்தில் நிற்கும். மேலே சொன்னபடி உட்கார்ந்தால் கண், மேசைக்கு மேல் 45 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்கும். 20 செ.மீ. தூக்கினால் மேல்விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும், அதுதான் வேண்டியது. தாள் கட்டுக் கணக்கில் நான்கு. காலுக்கு மூன்று, திரைக்கு நான்கு, எழுதுபொருள் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். தூரம், கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் அளவு: 50 முதல் 70 செ.மீ.

தலை குனியும் பாகைக்கேற்பக் கழுத்தின் சுமை ஏறும். 60 பாகை குனிந்தால் 27 கிலோ என்று இணையமெங்கும் சுற்றும் படம் 2014ல் வெளிவந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கிலிருந்து வந்தது. ஆள் கழுத்தில் கருவி வைத்து அளந்த எண் இல்லை. எண்ணை விட்டுவிடுங்கள், திசை சரிதான்: சுமார் 5 கிலோ தலை முன்னால் போகப் போகப் பின்கழுத்துத் தசை கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

40 தாண்டி, புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்களுக்கு மட்டும் இந்தத் திரை உயர விதி தலைகீழ். அந்த லென்ஸில் கிட்டத்து எழுத்தைப் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் முகவாயைத் தூக்கி, கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நேரும். பின்கழுத்து மடங்கி நோகும். திரையை இன்னும் 5 முதல் 8 செ.மீ. இறக்கி, மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். நாளுக்கு ஆறேழு மணி நேரம் திரை முன்னால் என்றால் 60 செ.மீ. தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது. கண்ணாடிக் கடைக்குப் போகும்போது உங்கள் திரையின் தூரத்தை அளந்து எழுதி எடுத்துப் போங்கள்.

கையும் மணிக்கட்டும்

கீபோர்டின் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் மடங்கியிருக்கும். பலர் வாங்கியவுடன் செய்யும் முதல் வேலை அவற்றை விரிப்பது. விரிக்காதீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மணிக்கட்டின் எலும்புகளுக்கும் அதன் மேல் போர்த்திய தசைநார்ப் பட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய குகையில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அந்த இடத்தில் அழுத்தம் ஏறும்.

மவுஸ் வலது பக்கம் எட்டாத தூரத்தில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எண்பலகை. கணக்கு வழக்கு பார்க்காதவர்கள் எண்பலகை இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் எட்டு செ.மீ. போல உள்ளே வரும், தோள்வலி குறையும். எச் விசை தொப்புளுக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். மவுஸின் சுட்டு வேகத்தைக் கூட்டிவிட்டால் கை நகரும் தூரம் குறையும். மணிக்கட்டை ஊன்றி விசிறிபோல் ஆட்டாமல், முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். கீபோர்டின் முன் வைக்கும் மெத்தை, தட்டாமல் ஓயும்போது உள்ளங்கை வைக்கத்தான். தட்டும்போது மணிக்கட்டை அதில் அழுத்தி வைத்தால் நீங்கள் தவிர்க்க நினைத்த அழுத்தமே வந்து சேரும்.

தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் 'கண்ணாடி' என்று தட்ட எட்டு விசை, அதிலும் இரண்டு 'ண'வுக்கும் ஷிஃப்ட். தமிழ் எழுத்துகளுக்கென்றே அமைத்த தமிழ்99 விசைப்பலகையில் க, ண, ண, ஆ, ட, இ, ஆறே விசை. ஷிஃப்ட் கிடையாது, புள்ளி தானே விழும். ள, ண, ற மூன்றும் தமிழில் எவ்வளவு வருகின்றன என்று இந்தப் பத்தியிலேயே எண்ணிப் பாருங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் நீண்டு ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். தமிழ்99ல் உயிர்கள் எல்லாம் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை எரிச்சலாகத்தான் இருக்கும். நாளுக்கு ஆயிரம் சொல்லுக்கு மேல் எழுதுபவர்களுக்கு அந்த எரிச்சல் தகும் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுபவர்கள் மாற வேண்டியதில்லை. முதல் வரைவைப் பேசியே எழுதுவதும் இப்போது முடியும். கூகளின் குரல் தட்டச்சில் சிங்கப்பூர்த் தமிழ் என்றே ஒரு தெரிவு இருக்கிறது.

எழுத்தின் அளவும் இதே கதை. ஆங்கிலத்துக்குப் போதுமான 10 புள்ளி அளவில் தமிழ்ப் புள்ளி மறைந்துவிடும், 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். உடனே முகம் திரையை நோக்கிப் போகும்; நீங்கள் அளந்து வைத்த அத்தனையும் பாழ். உலாவியில் 125 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். வழக்கமான தூரத்தைப்போல மூன்று மடங்கு தள்ளி நின்று தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடிந்தால் அளவு சரி.

கண்

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சிமிட்டினாலும் இமை முழுதாக மூடுவதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்து, எரிச்சல், மங்கல், சில நேரம் வேடிக்கையாகக் கண்ணீரே வழியும். சிங்கப்பூரில் இதோடு குளிர்சாதனமும் சேர்ந்துகொள்கிறது. வெளியே வியர்வை ஊற்றும் ஈரக்காற்று, உள்ளே ஈரம் உறிஞ்சப்பட்ட குளிர்காற்று நேராக முகத்தில். காற்றுத் தடுப்பை மேலே திருப்பி, வெப்பநிலையை 25க்கு வையுங்கள்; மின்கட்டணமும் குறையும். தலைக்கு நேர்மேலே சுழலும் மின்விசிறியும் இதே வேலையைச் செய்யும்.

20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி, அதாவது 6 மீட்டர் தூரத்தில் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். வீவக வீட்டுக்குள் 6 மீட்டர் கிடைப்பது கஷ்டம். சன்னலுக்குப் போய் எதிர் புளோக்கைப் பாருங்கள், எதிர்வீட்டுக்குள் பார்க்காமல். அந்த 20 விநாடியில் இமைகளை மெதுவாக, முழுதாக மூடித் திறப்பதைப் பத்து முறை செய்தால் இரட்டைப் பயன். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் சேர்க்காத ரகத்தைக் கேளுங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு வேறு, அதைத் தினமும் போட்டால், நிறுத்திய பிறகு சிவப்பு கூடும்.

நீலஒளிக் கண்ணாடிக்குச் செலவிட வேண்டாம். 17 பரிசோதனைகளைத் திரட்டி 2023ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்துக்கு ஒரு மேசைவிளக்கு வாங்கலாம். சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்குமாறு திரையை வையுங்கள். மேற்கு பார்த்த வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு இதன் அருமை தெரியும்.

பிள்ளைகள் சங்கதி கொஞ்சம் வேறு. 2021 முடிவுக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் கற்றல் சாதனம் வந்துவிட்டது, ஆக "கணினியைத் தொடாதே" என்பது நடக்காத பேச்சு. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்பது சுகாதார அமைச்சின் ஆலோசனை. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருப்பதும் முக்கியம். வெயிலில் நிற்க வேண்டியதில்லை. மரநிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளக்கு போட்ட வீட்டுக்குள் 300, 500தான். மாலை ஐந்து மணிக்கு மேல் விளையாட்டுத் திடலுக்கு அனுப்புங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பது இதில் சேராது.

எழுந்து நிற்பது

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் ஒரு மணி நேரம் என்பது கெடுதல்தான். அரை மணிக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் எழுந்தால் போதும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலிருந்து இரத்தம் மேலே தள்ளப்படுகிறது, அது சும்மா இருந்தால் இரத்தம் தேங்கும். நின்ற இடத்திலேயே குதிகாலை 20 முறை உயர்த்தி இறக்குங்கள். முகவாயை உள்ளே இழுத்து 5 விநாடி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 விநாடி, ஒவ்வொன்றும் பத்து முறை. கதவு நிலையில் இரு முன்கைகளையும் ஊன்றி மார்பை முன்னால் தள்ளி 20 விநாடி. பெரிய பாட்டில் தண்ணீரை மேசையில் வைக்காமல் சிறிய குவளையில் குடித்தால் நிரப்பவும் கழிக்கவும் தானாக எழ நேரும். நின்று வேலை செய்யும் மேசை வாங்கியவர்கள் நாள் முழுக்க நின்றுவிட்டு இடுப்பு வலிக்கிறது என்பார்கள்; கொஞ்ச நேரம் நிற்பது, கொஞ்ச நேரம் உட்காருவது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் அது மணிக்கட்டு நரம்பு. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றும் பழக்கத்தைச் சந்தேகியுங்கள். முதல் வகைக்கு, ஆரம்பத்தில், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் அணிந்தாலே பலருக்குக் குறையும். ஆனால் நீரிழிவு, தைராய்டு, கர்ப்பம் மூன்றும் இதே கோளாறைக் கொண்டு வரும். நீரிழிவு உள்ளவர்கள் கீபோர்டைக் குறை சொல்லும் முன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தோள் இறுகித் தூக்க முடியாமல் போவதும் அவர்களுக்கு அதிகம்.

கையிலிருந்து பொருள் நழுவி விழுவது, காலில் இறங்கும் வலியோடு பலவீனம் இவை தள்ளிப்போடக் கூடாதவை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே பார்க்க வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, கண்ணில் திடீரென்று மின்னல்கள், புதிய கரும்புள்ளிகள், திரை இறங்குவதுபோல் நிழல் தெரிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை பிரியும் ஆபத்து அதிகம்.

மற்ற வலிகளுக்கு மேசையை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். முதல் சில நாள் வேறு இடத்தில் லேசாக வலிக்கலாம், இதுவரை சும்மா இருந்த தசை வேலை செய்கிறது. இரண்டு வாரத்திலும் குறையாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். நிபுணரைப் பார்க்க அங்கிருந்து அனுப்பினால் உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். கைக்கோளாறு வேலையால் வந்தது என்று தெரிந்தால் மருத்துவரிடம் உங்கள் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள், மேற்கைகளின் தசை, மூட்டுக் கோளாறுகள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. போகும்போது நீங்கள் வேலை செய்யும் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துப் போங்கள். பக்கவாட்டிலிருந்து, தலை முதல் பாதம் வரை, வீட்டில் யாரையாவது சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிப் படம் வேண்டாம், அப்போது எல்லாரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். மாலை நான்கு மணிப் படம்.